தனி வாளி

மேலகரம்,
ஆகஸ்ட் 18.

அன்புள்ள அத்தானுக்கு,

உலகம்மை எழுதுவது. ஃபோன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பட்டாளத்தில், உங்கள் யூனிட்டில், கடிதம் வந்தால் நாலு பேர் கேலி செய்வார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் நான் பேசினால் இங்கே அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அங்கே உங்கள் கட்டிலைச் சுற்றி ஆறு பேர். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் ஃபோன் பாதி நேரம் உமாராணி கையில் இருக்கிறது. இரண்டு முறை டைப் செய்து அழித்துவிட்டேன். அனுப்பியிருந்தாலும் நீங்கள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பியிருப்பீர்கள்.

உறையின் மடிப்பில் கோந்தை இரண்டு தரம் தடவியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை உமாராணிக்கு நிச்சயதார்த்தம் ஆவணி இருபதாம் தேதி என்று முடிவாகிவிட்டது. வடகரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வருகிறார்களாம். மோட்டார் பழுதாகி நான்கு நாள் கஷ்டப்பட்டோம், இப்போது ஓடுகிறது. இந்த வருஷம் சாரல் விடவே இல்லை. காலையில் கொடியில் போட்ட துணி மறுநாள் எடுக்கும்போதும் சில்லென்று இருக்கிறது. அத்தையின் உடம்பைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

என் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அத்தை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார்கள். என் வாயால் சொன்னதில்லை, அதனால் ஒரு தடவை எழுதுகிறேன். நீங்கள் லீவு முடிந்து போன இரண்டாவது வாரம் தொடை இடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வளையம். பிறகு இரண்டு பக்கமும், பிறகு இன்னும் உள்ளே. பகலில் அடக்கிக்கொள்ளலாம். தூக்கத்தில் கை தானாகப் போய்விடும். விடிந்து பார்த்தால் நகத்தில் ரத்தம். நடக்கும்போது உரசும், உட்காரும்போது எரியும், சிறுநீர் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வீட்டில் யாரிடம் சொல்வது? இதைச் சொல்வதற்கு என்ன வார்த்தை என்றே எனக்குத் தெரியவில்லை.

சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. துவைக்கப் போட்ட பாவாடையில் அத்தை ரத்தத்தைப் பார்த்துவிட்டார்கள். தூரமாகிற நாள் இல்லை என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும். என்னை உள் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, லைட்டைப் போட்டு, தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அறையில் எதிர்வீட்டுச் சங்கரேஸ்வரி சித்தியும் இருந்தார்கள். "அவளுக்கு இதெல்லாம் தெரியும், நாலு புள்ள பெத்தவ, வெக்கப்படாதட்டி" என்றார்கள் அத்தை. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எதிரே காலண்டர். ஜூன் மாதத்தில் என்னென்ன விசேஷம் என்று எல்லாவற்றையும் படித்து முடித்தேன். பின்னால் சித்தி, "யாத்தீ, இது படையில்லா! இது பழசு மாதிரில்லா இருக்கு" என்று சொன்னது கேட்டது.

அந்த 'பழசு' என்ற சொல்லை அத்தை பிடித்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் உங்களுக்குப் போட்ட ஃபோனை நினைத்துப் பாருங்கள். "ஒம் பொண்டாட்டி எங்கயோ கெடந்து சீக்கக் கொண்டாந்திருக்காடா. கல்யாணத்துக்கு முன்னாலயே இருந்திருக்கு, மறைச்சிட்டாவ" என்று அத்தை சொன்னார்கள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஃபோன் என் முன்னால்தான் இருந்தது. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நீங்கள் பதினோரு விநாடி பேசவில்லை. பிறகு, "ரேஞ்ச் சரியில்லம்மா, பொறவு கூப்பிடுதேன்" என்றீர்கள்.

அந்தப் பதினோரு விநாடிக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது, பாவம், என்று உங்களுக்காக வருத்தப்பட்டேன்.

மறுநாள் எனக்குத் தனி வாளி வந்தது. பச்சை வாளி. வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். தனி சோப்பு, தனிப் பாய். கட்டிலில் படுக்கக் கூடாது. சோபாவில் உட்காரக் கூடாது. உமாராணி மட்டும் அத்தை இல்லாத நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். காலடிச் சத்தம் கேட்டால் அவளும் எழுந்துவிடுவாள். "டிகிரி படிச்ச மருமவ வாராள்னு தெருவெல்லாம் சொன்னேன். டிகிரி படிச்சா போதுமா, கால் கழுவத் தெரிய வேண்டாமா?" என்று அத்தை வாசல் தெளிக்கும்போது சொல்வார்கள். தெருவில் எல்லாருக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தப் படிப்பைச் சொல்லி இப்படி ஒரு பேச்சு வரும் என்று நினைக்கவில்லை.

பிறகு அருவி. ஒரு மண்டலம் அருவியில் குளித்தால் எந்தப் படையும் ஓடிவிடும், மலை முழுக்க மூலிகைதானே என்றார்கள். தினமும் முதல் டவுன் பஸ்ஸில் அத்தையோடு குற்றாலம். பெண்கள் பக்கம் கூட்டம் சேரும் முன்னால் அரைமணி நேரம் நிற்கவேண்டும். குளிப்பதில் எனக்குச் சங்கடம் இல்லை, தண்ணீர் விழும் நேரம் மட்டும்தான் அரிப்பு தெரியாமல் இருந்தது. அத்தை ஒரு நிபந்தனை வைத்தார்கள். துடைக்கக் கூடாது, மாற்றக் கூடாது, மூலிகைத் தண்ணீர் உடம்பிலேயே காயவேண்டும். ஈரப் பாவாடையும் ஈரச் சேலையுமாகத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். சீட் நனையும் என்று உட்கார விடமாட்டார்கள். ஒரு நாள் கண்டக்டர், "யம்மா, டிக்கெட் ரெண்டா மூணா? அருவியவும் கூட்டிட்டு வாரியளே" என்றார். பஸ்ஸே சிரித்தது. அத்தையும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தும் மத்தியானம் வரைக்கும் அந்த ஈரத்தோடுதான் சமையல். பத்தொன்பது நாள் அப்படிப் போனேன். வளையம் இடுப்பைச் சுற்றி ஏறிவிட்டது.

இருபதாவது நாள் லைப்ரரியில் குரூப் ஃபோர் புத்தகம் எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுத் தென்காசியில் தோல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். உள்ளே போய் எதுவும் பேச வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்ததை நீட்டினேன். அவர்கள் படித்துவிட்டு எழுந்து வந்து திரையை இழுத்தார்கள். பார்த்துவிட்டு, இது படர்தாமரை, ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, ஒருத்தரும் சொல்வதில்லை என்றார்கள். அருவியைப் பற்றிச் சொன்னேன். "அருவித் தண்ணி நல்ல தண்ணிதான். அத ஏம்மா தொடையில வச்சு மத்தியானம் வரைக்கும் அவிக்கிய?" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகு அவர்கள் கேட்டார்கள். "வீட்டுக்காரருக்கு இருக்கா?"

இல்லை என்றேன்.

"பாத்தியளா?"

சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"கேட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் இருந்து ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டா பந்து வெளையாடுத மாதிரிதான். இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க." இன்னொன்றும் சொன்னார்கள். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் கலப்புக் களிம்பு மூன்று நாளில் அரிப்பை அமுக்கிவிடும், ஆனால் படை உள்ளேயே வளரும், அப்புறம் இரண்டு மடங்காகத் திரும்பிவரும் என்று.

பஸ்ஸில் வரும்போது உங்கள் லீவு நாட்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. லைட்டை அணைத்த பிறகுதான் பேண்டை மாற்றிச் சாரம் கட்டுவீர்கள். "வெயிலுக்கு வேர்க்குரு" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமில் கால்மணி நேரம் இருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் பரணில் கிடந்த உங்கள் நீலப் பையை இறக்கினேன். பக்கவாட்டு ஜிப்பில் ஒரு காலுறை. காலுறைக்குள் இரண்டு டியூப். ஒன்று முழுக்கத் தீர்ந்தது, ஒன்று பாதி. டாக்டரம்மா எதைப் போடக் கூடாது என்று பெயர் எழுதிக் கொடுத்தார்களோ அதே களிம்பு. உங்கள் யூனிட் இருக்கும் தேஜ்பூரில் ஒரு கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அடியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக் கிளிப் மாட்டியிருந்தது. பேஸ்டை அப்படிச் சுருட்டுகிற ஆள் இந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

நோய் வந்ததற்கு உங்கள் மேல் கோபமில்லை. பூட்ஸும் வியர்வையுமாக மாதக்கணக்கில் இருக்கிறீர்கள், யாருக்கும் வரும். தெரிந்தே என்னிடம் வந்தீர்கள். பிறகு பதினோரு விநாடி யோசித்து, என் தலையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள்.

அத்தை வருகிற சத்தம் கேட்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 19.

இன்று லைப்ரரியில் இருந்து எழுதுகிறேன். நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு வரியும் அடிக்கவில்லை.

மருந்து ஆரம்பித்து ஐந்து வாரமாகிறது. அருவிக்குப் போவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். தினம் ஒரு மாத்திரை, இரண்டு வேளை களிம்பு. வளையத்துக்கு வெளியே இரண்டு விரல் அளவு தள்ளிப் போடவேண்டும். அரிப்பு போய்விட்டது என்று நிறுத்தக் கூடாது. குளித்தால் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, காற்றாட விட்டு, பிறகுதான் உடுத்தவேண்டும். உள்துணிகளைச் சுடுதண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, உட்புறம் அயர்ன் செய்யவேண்டும். நம் வீட்டில் உள்துணியை என்றைக்கு வெயிலில் போட்டிருக்கிறோம்? பாத்ரூம் கம்பியில், துண்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல். சாரல் மாதத்தில் அது காய்வதே இல்லை, காய்ந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். இப்போது வெயில் எட்டிப் பார்க்கும் நேரமெல்லாம் மொட்டைமாடியில் தெருப்பக்கக் கொடியில் போடுகிறேன். முதல் நாள் சங்கரேஸ்வரி சித்தி கீழே நின்று, "என்னட்டி, கொடியேத்தி வச்சிருக்க? திருவிழாவா?" என்றார்கள். "ஆமா சித்தி, அன்னிக்கு நீங்க பாத்தியள்லா, மிச்சத்தையும் பாத்துக்கோங்க" என்றேன். எனக்கே என் குரல் ஆச்சரியமாக இருந்தது. சித்தி உள்ளே போய்விட்டார்கள். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

இப்போது எனக்கு முக்கால்வாசி சரியாகிவிட்டது. இனி அத்தையின் உடம்பு.

நீங்கள் போகும்போது விட்டுப்போன அந்த நீலக் கட்டம் போட்ட துண்டை அத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. எம் புள்ள வாசம் இருக்கு என்று குளித்துவிட்டு அதைத்தான் கட்டிக்கொள்வார்கள். அலசிப் போடுவதோடு சரி. என் வாளியைத் தள்ளிவைத்தார்கள், என் சோப்பைத் தள்ளிவைத்தார்கள், அந்தத் துண்டை மட்டும் கூட வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரமாக அத்தை நடை மாறியிருக்கிறது. காலை அகட்டி வைக்கிறார்கள். அடுப்படிக் கதவு மூலையில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இடுப்பை மரத்தில் தேய்க்கிறார்கள். தூங்கும்போது வளையல் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் என் மருந்துப் பவுடர் டப்பா இடம் மாறியிருந்தது. அன்றிலிருந்து மருந்து எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன். சாவி என் தாலிக்கயிற்றில் இருக்கிறது.

போன வாரம் நானே கேட்டேன். "என்ன அத்தை, நடக்க ஒரு மாதிரியா இருக்கே?"

"முட்டு வலிட்டி. வயசாவுதுல்லா" என்றார்கள்.

"அருவியில குளிங்க அத்தை. ஒரு மண்டலம். தொடைச்சிராதிங்க, ஒடம்புலயே காயட்டும்."

என் முகத்தையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இத்தனை மாதத்தில் முதன்முதலாகக் கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தேன். மறுநாள் விடியும் முன்னால் எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். இன்று ஏழாவது நாள். ஈரச் சேலையோடு வந்து இறங்கும்போது நான் வாசலில் நின்று, "சூடா காப்பி தரவா அத்தை?" என்று கேட்கிறேன்.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உண்மையை எழுதுகிறேன், எனக்கு இது பிடித்திருக்கிறது. நான் நல்ல பெண் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அத்தை என்னிடம் வந்து, உலகு, எனக்கும் அதேதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே கைப்பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவேன். மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பேன். கேட்காமல் கொடுக்கமாட்டேன்.

ஏன் இவ்வளவு கல்மனம் என்று நினைப்பீர்கள். ஆடி பிறந்த மறுநாள் அப்பா வந்திருந்தார். அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, அழுக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு கட்டைப்பை நிறைய உள்ளியும் கத்தரிக்காயுமாக வந்தார். கேட்டிலேயே அத்தை நிறுத்திவிட்டார்கள். "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? சீக்கு உள்ள பிள்ளன்னு சொல்லிருந்தா நாங்க என்ன தூக்குலயா போட்டிருப்போம்? மூடி மறைச்சுத் தள்ளிவிட்டியளே" என்றார்கள்.

அப்பா, "என்ன சீக்கு மதினி?" என்றார்.

"ஒம்ம மககிட்டயே கேளும். எங்க இருக்குன்னும் அவளே சொல்லுவா."

அப்பா என் பக்கம் திரும்பினார். ஒரு பெண் தன் அப்பாவிடம் இதற்கு என்ன பதில் சொல்வாள்? அவருக்கு ஏதோ விளங்கி, முகத்தைக் கீழே போட்டுக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பையைக் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு, "வாரேன் தாயி" என்று என் காலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. ஃபோனில் பேசினாலும், "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். போன வாரம் அம்மா சொன்னாள், சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அப்பா திடீரென்று, "பிள்ளைக்குச் சின்ன வயசுல ஏதும் இருந்துச்சாட்டி? நமக்குத் தெரியாமப் போச்சா?" என்று கேட்டாராம்.

மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்த மனிதருக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தை வைத்தவர் அத்தை. எடுக்க முடிந்தும் எடுக்காதவர் நீங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று நான் முன்பக்கம் வரக் கூடாது, தாம்பூலத் தட்டைத் தொடக் கூடாது என்று உத்தரவாகியிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சபையில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும், நான் பேசப் போவதுமில்லை. அன்றைக்குள் உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது உள்ளிருந்து வருவேன். வெற்றிலைத் தட்டில் அந்த இரண்டு டியூப்பையும் டாக்டரம்மாவின் சீட்டையும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். தேஜ்பூர் விலைச் சீட்டை அவர்களே படித்துக்கொள்ளட்டும். உமாராணி பாவம்தான். அவளை நினைத்து இரண்டு நாள் யோசித்தேன். நினைத்த பிறகும் எழுதுகிறேன்.

அப்படி நடக்க வேண்டாம் என்றால், கடிதம் கிடைத்த மறுநாளே உங்கள் யூனிட் மருத்துவ அறைக்கு, அந்த எம்.ஐ. ரூமுக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். வேர்க்குரு என்று சொல்லாதீர்கள். எத்தனை வாரம் சொல்கிறாரோ அத்தனை வாரம் மாத்திரை சாப்பிடுங்கள். காலுறைக்குள் இனி எந்த டியூப்பும் வேண்டாம். முழுக்கக் குணமான பிறகு லீவு போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். அத்தையிடம் நீங்கள் எப்போது எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் இஷ்டம். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நான் வரவில்லை.

இத்தனையும் எழுதியது கீழே உள்ள ஒன்றைக் கேட்பதற்காகத்தான். முதல் வரியிலேயே கேட்டிருக்கலாம். அங்கே கேட்டிருந்தால் அழுதிருப்பேன், கடிதமும் முடிந்திருக்காது.

அப்பாவுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். காலையில் லோடு இறங்கி முடிந்து பத்தரை மணிக்கு டீ குடிக்க உட்காருவார், அப்போது போடுங்கள். "மாமா, அது எங்கிட்ட இருந்து வந்தது. ஒங்க மகமேல ஒரு குத்தமும் கெடையாது" என்று சொல்லுங்கள். இவ்வளவு போதும். மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம், அவருக்கு அது தாங்காது. அவர் பதில் ஒன்றும் சொல்லமாட்டார். வெகுநேரம் சத்தமே வராது. ரேஞ்ச் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவராக ஃபோனை வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

உலகம்மை